பொன்னாடை டாட் காம்

உங்கள் ஆடிட்டர் கொடுத்த சான்றிதழை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வங்கிக் கடனுக்கு, மகளின் வெளிநாட்டுப் படிப்புக்கு விசா வாங்க, டெண்டர் போட என்று 'இன்னாருடைய சொத்து மதிப்பு இவ்வளவு' என டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுப்பாரே, அதுதான். அதில் 18 இலக்கத்தில், எண்ணும் எழுத்துமாக, ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு குறியீடு இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வருடம். அடுத்த ஆறு, ஆடிட்டரின் உறுப்பினர் எண். மிச்சம் பத்தும் கம்ப்யூட்டர் தானாகப் போடுவது. இதற்கு 'யூடின்' என்று பெயர்.

ஐ.சி.ஏ.ஐ. எனப்படும் இந்திய சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்கள் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாடு இது. 2019 பிப்ரவரி 1 முதல் சான்றிதழ்களுக்குக் கட்டாயம். அதே ஆண்டு ஜூலை 1 முதல் தணிக்கை அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். எதற்காகக் கொண்டுவந்தார்கள்? ஆடிட்டரே இல்லாத ஆசாமிகள் ஆடிட்டர் மாதிரி கையெழுத்துப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தக் குறியீட்டை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் அசலா, டுபாக்கூரா என்று தெரிந்துவிடும். வங்கி மேனேஜர்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. நீங்களும் பார்க்கலாம். காசு கிடையாது.

அருமையான ஏற்பாடு. சந்தேகமே இல்லை. இப்போது மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், இது உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்றால் வெட்கப்படாதீர்கள். தப்பு உங்களுடையது இல்லை. உங்கள் ஊர் ஆடிட்டர் சங்கம் என்று ஒன்று இருக்குமே, அதன் இணையதளத்தில் இதை நாலு வரி, உங்கள் பாஷையில், யாராவது எழுதிப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். எழுதவில்லை. அவர்கள் எழுதியது வேறு.

ஆடிட்டர்களை மட்டும் வம்புக்கு இழுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், கம்பெனி செகரட்டரி, பல் டாக்டர், பிசியோதெரபிஸ்ட் என்று எல்லாருக்கும் சங்கம் இருக்கிறது. சில, நாடாளுமன்றம் சட்டம் போட்டு உண்டாக்கியவை. ஆடிட்டர்களுக்கு 1949ல், வக்கீல்களுக்கு 1961ல், கம்பெனி செகரட்டரிகளுக்கு 1980ல் சட்டம் வந்தது. மற்றவை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் நாலு பேர் சேர்ந்து பதிவு செய்துகொண்ட மாவட்ட, வட்டாரச் சங்கங்கள். இந்தச் சங்கங்களில் ஏதாவது ஒன்றின் இணையதளத்துக்குப் போய்ப் பாருங்கள். நான் கடந்த சில வாரங்களாக இதே வேலையாகத்தான் இருக்கிறேன். கண் பூத்துவிட்டது.

திறந்ததும் யார் வருகிறார்? தலைவர் வருகிறார். கோட்டு, டை, புன்னகை. அவருக்குப் பக்கத்தில் செயலாளர். அப்புறம் படங்கள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பிக்கும். குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள். நினைவுப்பரிசு கொடுக்கிறார்கள். வாங்கியவர் திருப்பிக் கொடுக்கிறார். குடும்ப விழாவில் மியூசிக்கல் சேர். கீழே 'தலைவரின் செய்தி' என்று ஒரு பக்கம். அதில் அவர் பொறுப்பேற்றதில் பெருமகிழ்ச்சி அடைகிறார். அவருடைய பதவிக்காலம் முடிந்து இரண்டு தலைவர்கள் வந்து போயிருப்பார்கள். அவர் மட்டும் அங்கே இன்னும் பெருமகிழ்ச்சி அடைந்துகொண்டே இருப்பார்.

'புதிய செய்தி' என்று ஒன்று சிவப்பில் மின்னும். ஆசையாகத் தட்டினால் 2016ல் நடந்த கருத்தரங்கத்தின் அழைப்பிதழ். 'வலைப்பதிவு' என்று ஒரு மூலை இருக்கும். முதல் பதிவு: 'வணக்கம், இன்று முதல் உங்களோடு பேசப் போகிறோம்.' இரண்டாவது: 'அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.' மூன்றாவது கிடையாது. ஆக மொத்தம், பேசப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வாழ்த்துச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

நன்றாகச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஐ.சி.ஏ.ஐ. தன் மாணவர்களுக்கான பாடப்புத்தகங்களையே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. கிராமத்திலிருந்து சி.ஏ. படிக்க வருகிற பையனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கவனியுங்கள், அதுவும் உள்ளே இருக்கிறவர்களுக்கு, உள்ளே வரப் போகிறவர்களுக்கு. வெளியே வாசலில் நிற்கிற நமக்கு?

சில வருடங்களுக்கு முன் ஒரு சங்கம் என்னைக் கூப்பிட்டது. எந்தத் தொழில் என்று சொல்ல மாட்டேன், பிழைத்துப் போகட்டும். "சார், புது வெப்சைட் பண்றோம். நீங்க பத்திரிகைக்காரர். கன்டென்ட் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க" என்றார் பொருளாளர். 'மட்டும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். போனேன். "யாருக்காக எழுதணும்?" என்று கேட்டேன். அமைதி. பிறகு ஒருவர், "எல்லாருக்கும்தான் சார்" என்றார். எல்லாருக்கும் என்றால் யாருக்கும் இல்லை என்று அர்த்தம். அன்றைய கூட்டத்தில் முக்கால் மணி நேரம் விவாதித்த விஷயம் என்ன தெரியுமா? முகப்பில் முன்னாள் தலைவர்கள் படங்களை எந்த வரிசையில் வைப்பது. ஒருவர் கோபித்துக்கொண்டு டிபன் சாப்பிடாமலேயே போய்விட்டார். கடைசியில் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள்? கமிட்டியிலேயே வயதில் சின்னவரிடம். "தம்பி, உனக்குத்தான் கம்ப்யூட்டர் நல்லா வருமே, நீ பாத்துக்கோ." தம்பி பாவம், காலையிலிருந்து இரவு வரை தொழிலைப் பார்ப்பாரா, தலைவரின் படத்தைப் பெரிதாக்குவாரா?

நான் பி.காம். படித்தவன். அந்தப் படிப்பை வைத்துப் பெரிதாக எதுவும் கிழிக்கவில்லை, பத்திரிகைக்கு வந்துவிட்டேன். ஆனால் ஒரு பாடம் மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. கட்டடம் கட்டினால் மூலதனச் செலவு. ஒரு தடவை கட்டினால் பல வருடம் நிற்கும். கரன்ட் பில், சம்பளம், பேப்பர், இங்க் எல்லாம் வருவாய்ச் செலவு. மாசாமாசம் கொடுத்தால்தான் வண்டி ஓடும். நம் சங்கங்கள் இணையதளத்தைக் கட்டடம் என்று நினைக்கின்றன. ஒரு தடவை பணம் கொடுத்துக் கட்டி, ரிப்பன் வெட்டி, ஸ்வீட் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு நிற்கும் என்று நம்புகின்றன. அது கட்டடம் இல்லை சார், பத்திரிகை. இந்த வாரம் எழுதாவிட்டால் இந்த வாரம் கிடையாது. வருமான வரிக்காரர்களுக்குக்கூட இது புரிந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கும் மென்பொருளுக்கும் வருடத்துக்கு 60 சதவிகிதம் தேய்மானம் கொடுத்து வந்தார்கள். 2017லிருந்து அதை 40 ஆக்கினார்கள். பாதிக்குப் பாதி வருஷத்திலேயே தேய்ந்துவிடும் சமாசாரம் என்று அவர்களுக்குத் தெரிகிறது. இந்தக் கணக்கை நமக்கே போட்டுக் கொடுக்கிற ஆடிட்டர்கள், தங்கள் சங்கம் என்று வரும்போது மறந்துவிடுகிறார்கள்.

'பழசாக இருந்தால் என்ன, ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டுமே' என்று கேட்பீர்கள். அங்கேதான் ஆபத்து. ஒன்றும் எழுதாமல் விட்ட பக்கம் யாரையும் கெடுக்காது. பழைய தகவலைத் தேதி போடாமல் வைத்திருக்கிற பக்கம் ஆளைக் கவிழ்க்கும்.

நுகர்வோர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டிக் கொடுப்பதாகச் சொல்லி ஒரு பில்டர் ஏமாற்றிவிட்டார். நீங்கள் கொடுத்தது 70 லட்சம். எங்கே போய் வழக்குப் போடுவது? பழைய 1986 சட்டப்படி மாவட்ட மன்றம் பார்க்கக்கூடியது 20 லட்சம் வரைதான். 2019ல் புதுச் சட்டம் வந்தது. அது 2020 ஜூலையில் அமலுக்கு வந்தபோது மாவட்ட ஆணையத்தின் வரம்பு ஒரு கோடி ஆனது. சரி, மாவட்டத்திலேயே போடலாம் என்று கிளம்பினால், 2021 டிசம்பரில் விதியை மாற்றி 50 லட்சமாகக் குறைத்துவிட்டார்கள். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். ஒன்றரை வருடத்தில் மூன்று எண்கள். 2020ல் ஒரு வக்கீல் சங்கம் நல்லெண்ணத்தோடு 'ஒரு கோடி வரை மாவட்டத்தில்' என்று எழுதிப் போட்டுவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும்? அதை நம்பிப் போனவர், தப்பான வாசலில் நிற்பார். வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. வக்கீல் சங்கமே சொன்னது என்று நம்பித்தானே அவர் போனார்?

வக்கீல்கள் பாடு இத்தோடு முடியவில்லை. 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கு 302 என்று சின்னக் குழந்தைக்கும் சினிமா பார்த்தே தெரியும். இப்போது அது 103. மோசடிக்கு 420 இல்லை, 318. (தமிழில் 'அவன் ஒரு ஃபோர் ட்வென்டி' என்று திட்டுகிற சுகம் 'த்ரீ எய்ட்டீனில்' வருமா என்பது தனிக் கவலை.) ஆடிட்டர்களுக்கு இன்னும் மோசம். 2025ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்ற தேதியோடு வந்தது. பிரிவுகளின் எண்ணிக்கையே 819லிருந்து 536 ஆனது. 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற வார்த்தைக்குப் பதில் 'வரி ஆண்டு'. பழைய பிரிவு எண்ணைப் போட்டு எழுதிய எந்தப் பக்கமும் அந்தத் தேதியோடு பழங்கதை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு பிரீமியத்துக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. நீங்கிவிட்டது. எத்தனை சங்கப் பக்கங்களில் இன்னும் 18 கட்டச் சொல்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், பொழுது போகும்.

பிரிட்டனில் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவையின் தளத்தில் ஒரு நல்ல பழக்கம். நோய்களைப் பற்றிய பக்கத்தின் கடைசியில் இரண்டு தேதி போட்டிருப்பார்கள். கடைசியாகச் சரிபார்த்தது இன்ன தேதி. அடுத்துச் சரிபார்க்க வேண்டியது இன்ன தேதி. அவ்வளவுதான். இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் பத்து ரூபாய் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. அந்த மாத்திரையை எழுதிக் கொடுக்கிறவர்களின் சங்கத் தளத்தில் இருக்கிற அறிவுரைக்கு ஏன் இல்லை?

அடுத்தது, இந்தத் தளம் யாருடையது என்ற கேள்வி. சங்கத்துடையதுதானே என்பீர்கள். பத்திரத்தைப் பாருங்கள் சார். பல இடங்களில் பெயரைப் பதிவு செய்தது வெப் டிசைனர் பையன், தன் பெயரில், தன் சொந்த ஜிமெயிலில். பாஸ்வேர்டு அவனிடம். அவன் துபாய் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வருகிற மெயில் அவனுக்குப் போகிறது. அவன் திறந்து பார்ப்பதில்லை. கெடு முடிந்ததும் அந்தப் பெயரை எவனோ வாங்கிக்கொள்கிறான். ஒரு நல்ல நாளில் 'குழந்தை நல மருத்துவர்கள்' என்று நம்பித் தட்டுகிற தாய்க்கு சூதாட்ட விளம்பரம் திறக்கிறது. சங்கத்தின் மனையை, கட்டடத்தை இப்படி மேஸ்திரி பெயரில் பதிவு செய்வார்களா? வில்லங்கச் சான்றிதழ் இல்லாமல் காரைக்கூட நிறுத்த மாட்டார்கள்.

போனால் திரும்பாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024ல் ஒரு கணக்குச் சொன்னது. 2013ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவிகிதம் பத்து வருடத்தில் காணாமல் போயின. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டிய இணைய முகவரிகளில் ஏறக்குறைய பாதி, அந்த மூலத்தைக் காட்டுவதில்லை என்று ஹார்வர்டு சட்டப் பேராசிரியர்கள் 2014ல் கண்டுபிடித்தார்கள். உச்ச நீதிமன்றத்துக்கே இந்தக் கதி. நம் சங்கங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், புதுத் தலைவர் வந்ததும் பழைய தளத்தை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகின்றன. பழைய தலைவர் காலத்தில் போட்ட ரோடு என்பதால் இடித்துவிட்டுப் போடுவது போல.

"இப்பெல்லாம் யார் சார் வெப்சைட் பாக்கறாங்க? எல்லாத்தையும் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடறோம்" என்று ஒரு பதில் ரெடியாக வைத்திருக்கிறார்கள். முன்பு இதையேதான் யாஹூ குரூப்ஸைப் பற்றிச் சொன்னார்கள். வருடக்கணக்காக எத்தனை அருமையான விவாதங்கள், எத்தனை சந்தேகங்கள், எத்தனை பதில்கள் அதில் இருந்தன! 2020 டிசம்பரில் யாஹூ அந்தக் கடையையே மூடிவிட்டது. அதற்குள் எடுத்து வைத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். வாட்ஸ்அப்பில் காலை ஆறு மணிக்கு ஒரு மூத்த வக்கீல் அற்புதமாக ஒரு விளக்கம் போடுகிறார். ஏழு மணிக்குள் அதன் மேல் நாற்பது கைகூப்பும் படம், பதினைந்து பிறந்தநாள் கேக், ஒரு இரங்கல். முடிந்தது. மறுநாள் அவராலேயே அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதைவிட முக்கியம், அந்தக் குரூப்பில் நீங்களும் நானும் இல்லை.

நமக்காகப் பேச வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். காரில் உட்கார்ந்துகொண்டு செல்போனைப் பார்த்து, 'நண்பர்களே, இந்த இலையைக் கொதிக்க வெச்சுக் குடிச்சா சர்க்கரையே இருக்காது' என்கிறார் ஒருவர். 'இந்த ஷேரை இன்னைக்கே வாங்குங்க' என்கிறார் இன்னொருவர். அவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: ஜனங்களின் பாஷையில், ஜனங்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் தப்பு என்பது வேறு விஷயம். சரியான பதில் தெரிந்தவர்கள் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் தப்பான பதில்தான் ஓடும்.

தமிழில் ஏன் எழுதவில்லை என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். "டெக்னிக்கல் விஷயம் சார், தமிழ்ல வார்த்தை இல்லை." யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்று ஒரு அமெரிக்க டாக்டர் இருந்தார். மிஷனரியாக வந்தவர். 19ம் நூற்றாண்டின் நடுவில், இன்றைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னால், தமிழ் கற்றுக்கொண்டு, ஆங்கில மருத்துவப் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்து, தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்து டாக்டர்களை உருவாக்கினார். அவருக்கு யூனிகோடும் கிடையாது, கூகுளும் கிடையாது. கோவையில் ஜி.ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' என்று தமிழில் அறிவியலுக்கென்றே பத்திரிகை நடத்தினார். வார்த்தை இருந்ததா என்று அவர்கள் உட்கார்ந்து யோசிக்கவில்லை, எழுதினார்கள். ஒரு காலத்தில் எழுத்துருத் தகராறு இருந்தது உண்மை. பாமினியில் அடித்தால் இன்னொரு கம்ப்யூட்டரில் கொக்கிகொக்கியாக வரும். அது எப்போதோ தீர்ந்துவிட்டது. 2010லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டாகிவிட்டது. இன்றைக்குக் காய்கறிக்காரம்மா செல்போனில் தமிழில் டைப் அடிக்கிறார். டாக்டருக்கு வராதாம். அதே டாக்டர் கிளினிக்கில், 'மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்' என்று அழகான தமிழில்தானே சொல்கிறார்? அதை அப்படியே எழுதினால் போதும். 'உட்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது' என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு சாக்கு, சட்டம். "நாங்க விளம்பரம் பண்ணக் கூடாது சார்." பாதி உண்மை. தொழில்முறை விதிகள் தனி ஆட்களுக்குக் கடிவாளம் போட்டிருக்கின்றன. ஆடிட்டர் தன் தளத்தை 'தேடி வருகிறவருக்குக் காட்டலாம், தேடிப் போய்த் திணிக்கக் கூடாது' என்று ஐ.சி.ஏ.ஐ. விதி வைத்திருந்தது. வக்கீல்கள் தங்கள் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு பார்க்கிறார் என்ற விவரங்களை மட்டும் இணையத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று பார் கவுன்சில் 2008ல் விதி 36ஐத் தளர்த்தியது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையதளங்கள் வழியாக வழக்குப் பிடிப்பதைக் கண்டித்து நடவடிக்கை எடுக்கச் சொன்னது. எல்லாம் நியாயம். ஆனால் இவை ஒரு வக்கீல் 'என்னிடம் வாங்க' என்று கூவுவதைத் தடுக்கிற விதிகள். 'நுகர்வோர் வழக்கில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நீங்களே வாதாடலாம்' என்று ஒரு சங்கம் ஊருக்குச் சொல்வதை எந்த விதி தடுக்கிறது? எதுவும் தடுக்கவில்லை. ஆனால் ஊருக்குச் சொல்லிவிட்டால் ஊர் தானாகவே போய்விடும் என்ற பயம் தடுக்கிறதோ என்னவோ!

சரி, என்னதான் எழுதுவது? இதற்குக் கன்சல்டன்ட் வேண்டாம். சங்க ஆபீஸில் போன் எடுக்கிற அம்மா ஒருவர் இருப்பார். பத்துப் பதினைந்து வருட சர்வீஸ். அவரைக் கேளுங்கள். ஊர் ஜனங்கள் என்ன கேட்டுப் போன் பண்ணுகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். 'ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட் காப்பி தர மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?' 'ஆடிட்டர் கணக்கைச் சரியா பாக்கலை, யார்கிட்ட புகார் குடுக்கறது?' 'வக்கீல் வாய்தாவுக்கே வர மாட்டேங்கறார்.' ஒரு நாளைக்கு நாலு தடவை இதையே கேட்டு, நாலு தடவையும் 'செக்ரட்டரி வரட்டும்' என்று சொல்லிச் சொல்லி அலுத்திருப்பார். ஒவ்வொன்றுக்கும் தெளிவான பதில் இருக்கிறது. டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டு நகலைக் கொடுக்க வேண்டும்; உள்நோயாளிகளின் பதிவேட்டை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். ஆடிட்டர் மேல் புகார் என்றால் அவர்கள் நிறுவனத்தின் ஒழுங்கு இயக்குநருக்கு, அதற்கென்று உள்ள படிவத்தில் எழுதலாம். வக்கீல் என்றால் மாநில பார் கவுன்சிலுக்கு, 1961 சட்டத்தின் 35வது பிரிவின் கீழ்.

படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும், இந்தப் பதில்கள் ஏன் முகப்பில் இல்லை என்று. இவற்றில் பாதி, உறுப்பினர்களுக்கு எதிராக நீங்கள் என்ன செய்யலாம் என்று சொல்பவை. புகார் கொடுக்கும் வழியை எழுதுவது தன் கையாலேயே தன் கண்ணைக் குத்துவது என்று கமிட்டி நினைக்கிறது. எனக்கென்னவோ நேர்மாறாகத் தோன்றுகிறது. 100 பேரில் 95 பேர் ஒழுங்காகத் தொழில் செய்கிற சங்கம், மிச்சம் ஐந்து பேருக்காக ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்? அந்த ஐந்து பேர் கட்டுகிற சந்தாவும் 95 பேர் கட்டுகிற அதே சந்தாதானே!

சட்டம் போட்டு உண்டாக்கிய அமைப்புகளுக்கு இது தர்ம காரியமும் இல்லை. 2005ன் தகவல் உரிமைச் சட்டம், பிரிவு 4ல், யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டியவை என்று 17 வகைத் தகவல்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. வருடா வருடம் புதுப்பிக்கச் சொல்கிறது. உள்ளூர் மொழியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மாவட்டச் சங்கங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பார்கள். பொருந்தாமல் போகட்டும், வெட்கமுமா பொருந்தாது?

பணம் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். உங்கள் பதவியேற்பு விழாவின் சாப்பாட்டு பில்லை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஐஸ்கிரீம் கணக்கை மட்டும் எடுத்து வைத்தால் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வேலை தேடுகிற ஒரு பெண்ணை வாரத்தில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். டாக்டர் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். எழுதியதை டாக்டர் ஒரு தடவை பார்ப்பார். கீழே அவர் பெயரும் தேதியும் போடுவார்கள். அவளுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வேண்டும், சேவை என்று சொல்லி ஏமாற்றக் கூடாது. முக்கியமாக, தலைவர் மாறும்போது அவள் மாறக் கூடாது.

இதைப் படிக்கிறவர்களில் ஏதாவது ஒரு தொழில் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு கொடுப்பார்கள். எல்லாரும் அதை மடித்து விசிறிக்கொள்வார்கள். நீங்கள் பிரித்துப் படியுங்கள். இணையதளத்துக்கு என்று ஒரு வரி இருக்கும். எழுந்து நின்று, இணையதளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, பொதுமக்களுக்காகக் கடைசியாக எழுதிய வரி என்ன, அதன் தேதி என்ன என்று கேளுங்கள். சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்பார்கள். உட்காராதீர்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். போட்டோ வேண்டாம்.